கீறல் விழுந்த லென்ஸ்: வாங்கலாமா, விடலாமா?

பாவித்த கமராப் பொருள் வாங்க நினைக்கும் சகோதரிகளுக்காக

மாடு வாங்கப் போகிறவர்கள் சுழி பார்ப்பார்கள், கொம்பு பார்ப்பார்கள், நிறமும் பார்ப்பார்கள். ஆனால் வீட்டில் பிள்ளைகளுக்குப் பால் வேண்டும் என்று போகின்ற தாய் முதலில் மடியைத்தான் பார்ப்பாள். பாவித்த பொருள் எதை வாங்கும்போதும் இந்தத் தாயின் பார்வை எமக்கு வேண்டும். கண்ணுக்குத் தெரிகின்ற குறை வேறு. வேலையைக் கெடுக்கின்ற குறை வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவர் குறைந்த பணத்தில் நல்ல பொருளை வீட்டுக்குக் கொண்டுவருவார். தெரியாதவர் பளபளப்பைப் பார்த்து ஏமாறுவார். அல்லது ஒரு சிறு கீறலுக்குப் பயந்து நல்ல பொருளைக் கைவிடுவார்.

தையல், கோழி வளர்ப்பு, மிளகாய்த்தூள் இடித்தல் போன்ற சுயதொழில்களுடன் புகைப்படம் எடுத்தலையும் ஒரு தொழிலாகக் கொள்ள எமது பெண்களால் முடியும். சாமத்தியவீட்டிலே பிள்ளையை அலங்கரிக்கும் அறைக்குள் ஓர் ஆண் படப்பிடிப்பாளர் நிற்பதைவிட ஒரு பெண் நிற்பது பிள்ளைக்கும் தாய்க்கும் ஆறுதல். பிறந்தநாள், முப்பத்தொன்று, கோயில் திருவிழா, பாடசாலை விளையாட்டுப்போட்டி, முன்பள்ளி நிகழ்ச்சி எனக் கிராமத்துக்குள்ளேயே வேலை இருக்கிறது. கடவுச்சீட்டு, தேசிய அடையாள அட்டை ஆகியவற்றுக்கான படங்களைப் பதிவு பெற்ற ஸ்ரூடியோக்களே எடுக்கலாம் என்பதால், அவற்றை இப்போதைக்குக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

இத்தொழிலில் இறங்குபவரை முதலில் தடுப்பது முதல்தான். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் அதே ஆண்டின் நடுப்பகுதியில் 360 ரூபாய் அளவுக்கு ஏறியது. வெளிநாட்டிலிருந்து வருகின்ற எல்லாப் பொருட்களையும் போலக் கமராப் பொருட்களின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போனது. ஆகவே பாவித்த பொருளைத் தேடுவது இன்று வெட்கத்துக்குரிய விடயமல்ல. அது புத்தியான வழி. இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. 2018 இல் கெனன், நிக்கோன் ஆகிய இரு நிறுவனங்களும் புதுவகையான முழுச்சட்ட மிரர்லெஸ் கமராக்களை வெளியிட்டன. வசதியுள்ள படப்பிடிப்பாளர்கள் பலர் அவற்றுக்கு மாறிவிட்டார்கள். அவர்களுடைய பழைய லென்ஸ்கள் விற்பனைக்கு வருகின்றன.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம்

ஒரு சகோதரியிடம் பழைய கெனன் கமரா ஒன்று இருக்கிறது. அதனுடன் சேர்ந்து வந்த 18-55 மில்லிமீற்றர் லென்ஸ் இருக்கிறது. பகலில் படம் நன்றாக விழுகிறது. இரவு விழாக்களிலும் வெளிச்சம் குறைந்த மண்டபங்களிலும் படம் கலங்கிப்போகிறது. அவருக்கு 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 என்ற லென்ஸ் தேவைப்படுகிறது. ஒருவர் தன்னிடம் அந்த லென்ஸ் இருப்பதாகவும் மலிவாகத் தருவதாகவும் சொல்கிறார். போய்ப் பார்த்தால் மேற்பூச்சு தேய்ந்திருக்கிறது. முன்விளிம்பு ஓரிடத்தில் நெளிந்திருக்கிறது. முன்கண்ணாடியில் அரைச் சென்ரிமீற்றர் நீளத்தில் மெல்லிய கீறலும் இருக்கிறது. வாங்குவதா, விடுவதா?

முதலில், இந்த லென்ஸ் தேவைதானா என்று பார்ப்போம். லென்ஸின் பெயரோடு வரும் எஃப் எண், அதன் கண் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதைக் காட்டுகிறது. எண் சிறியதாக இருந்தால் கண் பெரிது. 18-55 லென்ஸை 55 இற்குக் கொண்டுபோனால் அது எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மங்கலான மண்டபத்திலும் குத்துவிளக்கின் முன்னும் இந்தப் பத்து மடங்குதான் கலங்கிய படத்தைத் தெளிந்த படமாக்குகிறது. எனவே தேவை உண்மையானது.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சாதாரண கமராக்களில் 50 மில்லிமீற்றர் லென்ஸ் காட்சியைக் கிட்டக் கொண்டுவரும். முகப்படத்துக்கு அது மிக நல்லது. சிறிய அறைக்குள் பத்துப்பேரை நிறுத்தி எடுக்க அது உதவாது. அதற்குப் பழைய 18-55 தான் வேண்டும். புதியதை வாங்குவதற்காகப் பழையதை விற்றுவிடக்கூடாது.

தனது கமராவுக்கு அந்த லென்ஸ் பொருந்துமா என்பதையும் முதலில் உறுதிசெய்யவேண்டும். கெனன் லென்ஸ் நிக்கோன் கமராவில் ஏறாது. நிக்கோனிலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய 'ஏ.எஃப்-டி' வகை லென்ஸ்களுக்குள் மோட்டர் இல்லை. டி 3000, டி 5000 வரிசைக் கமராக்களுக்குள்ளும் அதனை இயக்கும் மோட்டர் இல்லை. இரண்டையும் சேர்த்தால் தானாகக் குவியம் விழாது. ஒவ்வொரு படத்துக்கும் கையால் திருப்பவேண்டும். அக்கமரா வைத்திருப்பவர்கள் 'ஏ.எஃப்-எஸ்' என்று எழுதிய லென்ஸையே தேடவேண்டும்.

கெனன் 50 எஃப் 1.8 லென்ஸிலும் இரண்டு வகை சந்தையில் அதிகம் கிடைக்கின்றன. 1990 இல் வந்த இரண்டாம் வகை பிளாஸ்ரிக் அடிப்பாகம் கொண்டது; வெறும் 130 கிராம் நிறை. 2015 இல் வந்த எஸ்.ரி.எம். வகைக்கு உலோக அடிப்பாகம். விலையில் வித்தியாசம் இருக்கும் என்பதால் எந்த வகை என்பதை முதலிலேயே கேட்டறிய வேண்டும்.

முன்கண்ணாடிக் கீறல் என்ன செய்யும்?

கீறலைக் கண்டதும் 'எடுக்கின்ற படம் எல்லாவற்றிலும் ஒரு கோடு விழும்' என்றுதான் பலரும் நினைப்பார்கள். அப்படி விழாது. கொசுவலை அடித்த யன்னலுக்கு மிகக் கிட்ட முகத்தை வைத்து வெளியே நிற்கும் பனைமரத்தைப் பாருங்கள். வலையின் கம்பிகள் கண்ணுக்குத் தெரியாமற் போகும். பனை தெளிவாகத் தெரியும். முன்கண்ணாடிக் கீறலும் அவ்வாறே. அது கமராவுக்கு மிகக் கிட்ட இருப்பதால் உருவமாக விழாது. மேலும், பிள்ளையின் மூக்குத்தியிலிருந்து வரும் வெளிச்சம் முன்கண்ணாடியின் ஒரு புள்ளி வழியாக மட்டும் வருவதில்லை. கண்ணாடி முழுவதாலும் வந்து ஓரிடத்தில் சேர்கிறது. ஓரிடம் மறைந்தாலும் மீதி இடம் வேலையைச் செய்துவிடும்.

கணக்கிட்டும் பார்க்கலாம். இந்த லென்ஸ் முழுதாகத் திறந்திருக்கும்போது வெளிச்சம் நுழையும் வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 28 மில்லிமீற்றர். அதன் பரப்பு 600 சதுர மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம். 5 மில்லிமீற்றர் நீளமும் 0.1 மில்லிமீற்றர் அகலமும் உள்ள கீறலின் பரப்பு அரைச் சதுர மில்லிமீற்றர். ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

அப்படியானால் கீறலால் ஒரு கெடுதியும் இல்லையா? இருக்கிறது. இரவிலே பஸ்ஸின் முன் இருக்கையில் இருந்தவர்களுக்கு இது தெரியும். கண்ணாடியில் உள்ள கீறல்கள் பகலில் தொந்தரவு தருவதில்லை. எதிரே வாகனம் வந்து அதன் வெளிச்சம் அடிக்கும்போது கீறல் எல்லாம் ஒளிர்ந்து பாதையே தெரியாமற் போகிறது. லென்ஸிலும் அப்படித்தான். வீடியோக்காரரின் வெளிச்சமோ, மணவறையின் மின்குமிழ்களோ, மாலைச் சூரியனோ நேரே கண்ணாடியில் பட்டால், கீறல் அந்த வெளிச்சத்தைச் சிதறவைக்கும். படம் வெளுத்து, கறுப்பு நிறம் சாம்பலாகும். ஒரு மெல்லிய கீறலால் இது சிறிதளவே நடக்கும். லென்ஸுக்கு முன்னால் ஒரு மறைப்புக் குழல் பூட்டினால் பெரும்பகுதி தீரும்.

தனிக் கீறலைவிட மோசமானது ஒன்று உண்டு. அதுதான் தேய்ப்புக் காயம். தூசு படிந்த கண்ணாடியைச் சேலைத் தலைப்பாலும் சட்டை நுனியாலும் வருடக்கணக்காகத் துடைத்தவர்களின் லென்ஸில் நூற்றுக்கணக்கான நுண்கீறல்கள் வட்டவட்டமாக இருக்கும். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு மேற்பரப்பும் தன்மீது விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 4 வீதத்தைத் திருப்பி எறியும். இதைத் தடுக்கவே லென்ஸ்களுக்கு மெல்லிய பூச்சு இடுகிறார்கள். ஜேர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாக்குலா என்பவர் 1935 இல் கண்டுபிடித்த முறை இது. அந்தப் பூச்சு தேய்ந்துபோன லென்ஸ் வெளிச்சத்துக்கு எதிரே நின்றால் புகார் மூடினாற்போலப் படம் எடுக்கும். தூரத்தில் பார்த்தால் கீறலே இல்லாத லென்ஸ்போலத் தோன்றும். சரித்துப் பிடித்தால்தான் குறை தெரியும்.

பின்கண்ணாடியில், அதாவது கமராவுக்குள் போகின்ற பக்கத்தில், கீறல் இருந்தால் கதை வேறு. அங்கே வெளிச்சம் ஒடுங்கி வருகிறது. படம் விழும் இடமும் கிட்ட இருக்கிறது. அங்கே விழுந்த சிறு கீறலும் முன்பக்கத்துப் பெரிய கீறலைவிட அதிகம் கெடுக்கும். மலிவாகக் கிடைத்தாலும் அதை விட்டுவிடுவதே நல்லது.

வெளிக்காயம் சொல்லும் செய்தி

மேற்பூச்சு தேய்ந்திருப்பது, எழுத்து அழிந்திருப்பது, இறப்பர் வளையம் தளர்ந்திருப்பது, மூடி இல்லாதது: இவை எதுவும் படத்தைப் பாதிக்காது. உண்மையில், நன்றாக உழைத்த லென்ஸ் என்பதற்கு அவை அடையாளம். அலுமாரிக்குள் பத்து வருடம் கிடந்து பூஞ்சணம் பிடித்த 'புத்தம் புதிய' லென்ஸைவிட அது மேலானது.

நெளிந்த விளிம்பு மட்டும் ஒரு செய்தி சொல்கிறது: இது எங்கோ விழுந்திருக்கிறது. நெளிவு படத்தைக் கெடுக்காது. பில்ரர் பூட்டமுடியாமற் போகலாம், அவ்வளவுதான். ஆனால் விழுந்த வேகத்தில் உள்ளே உள்ள கண்ணாடிகளில் ஒன்று சற்றே இடம்பெயர்ந்திருக்கலாம். அப்போது படத்தின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் வரும். இது கண்ணால் பார்த்துத் தெரிவதில்லை. படம் எடுத்துத்தான் அறியவேண்டும். 1990 இன் பிளாஸ்ரிக் வகை விழுந்தால் முன்பாகம் கழன்று வருவதும் உண்டு. பிறகு பசை போட்டு ஒட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். சேரும் இடத்தில் பசைத் தடயம் இருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள்.

எந்த விலைக்கும் வேண்டாம் என்று சொல்லவேண்டியவை

பூஞ்சணம்: ரோர்ச் வெளிச்சத்தில் சிலந்தி வலை போலவோ வேர் போலவோ கண்ணாடிக்குள் படர்ந்திருக்கும். மழையும் வெக்கையும் மாறிமாறி வரும் எமது நாட்டில் இது மிகச் சாதாரணம். தொடக்கத்தில் இருந்தால் திருத்துநர் கழற்றித் துடைக்கலாம். நாட்பட்டால் பூச்சையும் கண்ணாடியையும் அரித்துவிடும். இந்த விலையில் உள்ள லென்ஸுக்குத் திருத்தக்கூலி கொடுப்பது கட்டாது.

புகார்: உள்ளே பால் தெளித்தாற்போல வெண்மை படர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று தூசுகள் தெரிவது வேறு. அது எல்லாப் பழைய லென்ஸிலும் இருக்கும், ஒன்றும் செய்யாது.

இறுகிய இதழ்கள்: லென்ஸுக்குள் சுருங்கி விரியும் இதழ்களில் எண்ணெய் ஏறினால் அவை மெதுவாகும் அல்லது நின்றுவிடும்.

தேய்ந்த திருகாணிகள்: அடிப்பாகத்தின் திருகாணித் தலைகள் சிதைந்திருந்தால் பழக்கமில்லாத ஒருவர் கழற்றிப் பூட்டியிருக்கிறார் என்று பொருள்.

கால்மணி நேரப் பரீட்சை

பார்க்கப் போகும்போது உங்கள் சொந்தக் கமராவையும், நிறைய மின்னேற்றிய பற்றரியையும், வெறுமையான மெமரி கார்ட்டையும் கொண்டுபோங்கள். ஒரு சிறிய ரோர்ச், ஒரு முழுப் பத்திரிகைத் தாள், ஒரு கறுப்புத் துணி ஆகியவையும் வேண்டும். பகல் நேரத்தில், ஆட்கள் நடமாடும் இடத்தில், ஒரு துணையுடன் போங்கள். படத்தை மட்டும் பார்த்து முற்பணம் அனுப்பாதீர்கள்.

1. லென்ஸை மெதுவாகக் காதருகே அசைத்துப் பாருங்கள். மண்பானையைத் தட்டிப் பார்ப்பது போலத்தான் இதுவும். இந்தப் பிளாஸ்ரிக் வகையின் முன்பாகம் சிறிது ஆடுவது இயல்பு. உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்டால் ஆபத்து.

2. இரு மூடிகளையும் கழற்றி, பின்புறமிருந்து ரோர்ச் அடித்து முன்புறமாகச் சரித்துப் பாருங்கள். பின்னர் மறுபக்கமாகவும் செய்யுங்கள். பூஞ்சணம், புகார், தேய்ப்புக் காயம் மூன்றும் இப்போது தெரியும்.

3. கமராவில் பூட்டுங்கள். தட்டையாக இருந்து இறுக்கமாகப் பூட்டுகிறதா? 'எர் 01' என்ற எழுத்து வந்தால் கமராவும் லென்ஸும் ஒன்றோடொன்று பேசவில்லை என்று பொருள். உலோகத் தொடுகைகளைச் சுத்தமான உலர்ந்த துணியால் துடைத்து மீண்டும் பூட்டுங்கள். மறுபடியும் வந்தால் வேண்டாம்.

4. கிட்ட ஒன்று, தூர ஒன்றாகப் பத்துத் தடவை குவியம் பிடிக்க விடுங்கள். பழைய வகை இரைச்சலிடும், அது குறையல்ல. இடையில் நின்றுபோனால் அல்லது முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருந்தால் குறை.

5. பத்திரிகைத் தாளைச் சுவரில் ஒட்டி, கமராவை அதற்கு நேராகப் பிடித்து எடுங்கள். திரையில் பெருப்பித்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். நான்கும் ஒரேயளவு மங்கலாக இருந்தால் பரவாயில்லை. ஒரு மூலை மட்டும் அல்லது ஒரு பக்கம் மட்டும் எழுத்து வாசிக்க முடியாமல் இருந்தால் கண்ணாடி இடம்பெயர்ந்திருக்கிறது. கமராவைச் சரித்துப் பிடித்திருக்கலாம் என்பதால் இரண்டு மூன்று தடவை எடுத்து உறுதிசெய்யுங்கள்.

6. 'ஏ.வி.' முறையில் வைத்து ஒரே காட்சியை எஃப் 1.8, எஃப் 4, எஃப் 8 என மூன்று தடவை எடுங்கள். மூன்றும் ஒரேயளவு வெளிச்சமாக இருக்கவேண்டும். எஃப் 8 இல் எடுத்தது மட்டும் வெளுத்துப் போனால் இதழ்கள் சுருங்கவில்லை.

7. கடைசியாகக் கீறலுக்கான பரீட்சை. யன்னலோ மின்குமிழோ படத்தின் ஓரத்தில் வரும்படி, நடுவில் கறுப்புத் துணியை வைத்து எடுங்கள். அதே காட்சியை உங்கள் பழைய லென்ஸாலும் எடுங்கள். கறுப்பு இரண்டிலும் கறுப்பாகவே இருந்தால் அந்தக் கீறல் வெறும் அழகுக்குறை. புதியதில் மட்டும் சாம்பலாக வெளுத்தால் அது வேலைக்குறை.

விற்பவர் இந்தப் பரீட்சைக்கு இடங்கொடாவிட்டால் அதுவே போதிய விடை.

விலை பேசுவது

அழகுக்குறை வாங்குபவருக்கு ஒரு வரம். படத்தைக் கெடுக்காத கீறல் விலையை மட்டும் குறைக்கிறது. ஆனால் விலை உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்பதைப் பார்க்கவேண்டும். அதே லென்ஸ் கீறலில்லாமல் என்ன விலைக்குப் போகிறது என்று இரண்டு மூன்று இடங்களில் விசாரித்த பின்பே போங்கள். வித்தியாசம் ஓராயிரம், ஈராயிரம்தான் என்றால் கீறலில்லாததையே வாங்குங்கள். நாளை நீங்கள் விற்கும்போதும் அதற்குத்தான் விலை இருக்கும்.

தயங்காமல், மரியாதையாக, எடுத்த படத்தைக் காட்டிப் பேசுங்கள். "அண்ணை, இஞ்ச பாருங்கோ, முன்கண்ணாடியில கீறல் கிடக்கு. விளிம்பும் நெளிஞ்சு போச்சு, பில்ரர் பூட்டேலாது. நான் திருப்பி விற்கேக்கையும் எனக்கு இந்த விலை வராது. கொஞ்சம் குறைச்சுத் தாங்கோ" என்று சொன்னால் அது பிச்சை கேட்பது ஆகாது. அது நியாயம் கேட்பது. ஒரு கிழமைக்குள் குறை தெரிந்தால் திருப்பி எடுப்பதாகவும் கேளுங்கள். விலை, திகதி, லென்ஸில் பொறித்த தொடர் இலக்கம், விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். களவுப் பொருள் உங்கள் கைக்கு வந்து பின்னர் பொலிஸ் வாசலில் நிற்கவேண்டிய நிலையை அது தடுக்கும்.

எத்தனை விழாவில் முதல் திரும்பும்?

கணக்கு விளங்குவதற்காக விலைகளை இப்படி வைத்துக்கொள்வோம்: புதியது 65,000 ரூபாய், பாவித்த நல்லது 35,000 ரூபாய், கீறல் விழுந்தது 22,000 ரூபாய். போக்குவரத்தும் படம் கழுவும் செலவும் போக ஒரு விழாவில் 4,000 ரூபாய் மிஞ்சுகிறது. அப்படியானால் கீறல் லென்ஸின் முதல் 6 விழாவில் திரும்பும். பாவித்த நல்லதற்கு 9 விழாவும், புதியதற்கு 17 விழாவும் வேண்டும். மாதம் இரண்டு விழா கிடைக்கும் ஒருவருக்கு இது மூன்று மாதத்துக்கும் எட்டரை மாதத்துக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் ஊர் விலைகளைப் போட்டு நீங்களே இக்கணக்கைச் செய்து பாருங்கள்.

கடன் எடுத்து வாங்குவதானால் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். கிழமைக் கடன்களின் வட்டியால் எமது பெண்கள் பட்ட பாடு யாவரும் அறிந்ததே. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே தீர்மானிக்கும் அளவுக்கு நிலைமை போனது. விழா வருமானம் கிழமைதோறும் வருவதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை. கிழமைதோறும் கட்டும் கடனில் இதை வாங்காதீர்கள். சீட்டுப் பணம், மகளிர் சங்கச் சேமிப்பு, அல்லது பழைய லென்ஸாலேயே நான்கு விழாச் செய்து சேர்த்த பணம் என்பன பாதுகாப்பானவை. இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு லென்ஸை வாங்கி முறைவைத்துப் பாவிப்பதும் நல்ல வழி.

விழாவுக்கு அப்பால் ஒரு வேலை

இந்த லென்ஸால் செய்யக்கூடிய இன்னொரு வேலையையும் சொல்லவேண்டும். இடம்பெயர்வுகளிலும், 2004 மார்கழி 26 ஆழிப்பேரலையிலும், 2009 இன் இறுதி மாதங்களிலும் எமது வீடுகள் இழந்தவற்றில் படக்கொப்பிகளும் அடக்கம். பல தாய்மாரிடம் மிஞ்சியிருப்பது ஒரேயொரு படம்தான். பொலித்தீன் உறைக்குள் மடித்துக் கொண்டுவந்த படம்; மழையில் ஊறி மூலை அழிந்த படம். 2017 மாசி 20 ஆம் நாள் முதல் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மாரின் மடியில் இருந்ததும் அப்படிப்பட்ட படங்களே. அந்த ஒரு படமும் மங்குவதற்கு முன் அதைப் பிரதி எடுத்து வைப்பது பெரிய உதவி. கூலிக்கும் செய்யலாம், கூலியில்லாமலும் செய்யலாம்.

முறை எளிது. வெயில் நேரடியாகப் படாத யன்னலருகே படத்தைத் தட்டையாக வையுங்கள். கமராவை நேர் மேலே அசையாமல் நிறுத்தி எஃப் 8 இல் எடுங்கள். பழைய 50 லென்ஸ் 45 சென்ரிமீற்றர் வரையும், எஸ்.ரி.எம். வகை 35 சென்ரிமீற்றர் வரையும் கிட்டப் போகும். சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்த்து எடுக்க முயலாதீர்கள். முகமே கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடிக்கு மேலாகவே, பிரதிபலிப்பு விழாத கோணத்தில் எடுங்கள். எடுத்த பிரதியை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு இடங்களிலாவது சேமித்துக் கொடுங்கள். வெளிச்சம் லென்ஸில் நேரே படாத இந்த வேலைக்கு முன்கண்ணாடிக் கீறல் எந்தத் தடையும் செய்யாது.

வாங்கிய பின் பேணுவது

ஐப்பசி தொடங்கித் தை வரையான மாரிமழைக் காலமே லென்ஸின் எதிரி. இறுக மூடக்கூடிய ஒரு பிளாஸ்ரிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள். நீல நிற மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரத்தைக் குடித்து நிரம்பிவிட்டன. சமையலுக்குப் பாவிக்காத பழைய தகரத்தில் மெல்லிய சூட்டில் உலர்த்தினால் மீண்டும் நீலமாகும். அவற்றைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். தோற்பையிலும் உடுப்பு அலுமாரியிலும் லென்ஸை மாதக்கணக்காக வைக்காதீர்கள். துடைக்கும் முன் சிறிய ஊதுபந்தால் தூசை ஊதிவிடுங்கள்; பிறகே மென்துணி. சேலைத் தலைப்பை மறந்துவிடுங்கள்.

முடிவாக

பின்கண்ணாடிக் கீறல், பூஞ்சணம், புகார், ஒருபக்க மங்கல், நின்றுபோகும் மோட்டர், சுருங்காத இதழ் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். தேய்ந்த பூச்சு, நெளிந்த விளிம்பு, முன்கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறல் மட்டும் இருந்து, ஏழு பரீட்சையிலும் தேறி, விலையும் நன்றாகக் குறைந்தால் தயங்காமல் வாங்குங்கள். எமது உதாரணச் சகோதரி பார்த்த லென்ஸ் இவ்வாறு தேறினால் அவருக்கும் விடை அதுவே.

பொகவந்தலாவை தேவாலய வளவிலே யூலியா மார்கிரட் கமரொன் என்ற ஆங்கிலப் பெண்ணின் கல்லறை இருக்கிறது. 1863 இல் மகள் கொடுத்த கமராவைத் தொட்டபோது அவருக்கு வயது 48. அவருடைய படங்களில் கலங்கலும் கீறலும் கைரேகையும் இருப்பதாக அக்காலத்துப் படப்பிடிப்பாளர்கள் குறை கூறினார்கள். 1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் இங்கேயே காலமான அவர், இன்று புகைப்பட வரலாற்றின் பெரும் கலைஞர்களில் ஒருவராக மதிக்கப்படுகிறார். அவர் வசதியான குடும்பத்துப் பெண். அவருடைய வாழ்க்கை வேறு, எமது வாழ்க்கை வேறு. ஆனால் பிந்திய வயதில் தொடங்குவதும் குறையுள்ள படத்தோடு முன்னே போவதும் இத்தொழிலுக்குப் புதிதல்ல.

வாங்க வந்தவர் கீறலைப் பார்ப்பார். படம் எடுக்கக் கேட்டு வருபவர் லென்ஸைப் பார்ப்பதில்லை. தன் பிள்ளையின் முகம் எப்படி வந்திருக்கிறது என்றுதான் பார்ப்பார். அந்த முகம் தெளிவாக விழுமா என்பதைப் பரீட்சித்து அறியுங்கள். விழுமென்றால் மீதியெல்லாம் விலை பேசுவதற்கான காரணங்கள் மட்டுமே.